கேளுங்கள், சொல்கிறேன்: ஆர்க் மோடுக்கு யோசனை சொல்வது எப்படி?

கேள்வி: ஈமேக்ஸ் என்ற எழுத்து மென்பொருளில், குறிப்பும் வேலைப் பட்டியலும் வைத்துக்கொள்ள உதவும் ஆர்க் மோட் வைத்து வீட்டு வேலைகளைக் குறித்து வருகிறேன். கரண்டு பில்லுக்குக் கடைசித் தேதி போட்டால், 14 நாள் முன்பிருந்தே தினமும் அதன் அஜெண்டா என்ற நாள் பட்டியலில் வந்து நிற்கிறது. பார்த்துப் பார்த்துப் பழகி, கடைசி நாளில் கோட்டை விடுகிறேன். 3 நாள் முன்பு காட்டினால் போதும் என்று ஆர்க் மோடை உருவாக்குபவர்களுக்கு எழுதலாமா?
– வாசகி, தென்காசி

பதில்: அதற்காக எழுத வேண்டாம், வழி உள்ளேயே இருக்கிறது. தேதியின் கோண அடைப்புக்குள், கிழமைக்குப் பிறகு ஓர் இடம் விட்டு, மைனஸ் குறி, 3, ஆங்கிலச் சின்ன 'டி' மூன்றையும் சேர்த்து அடியுங்கள். அந்த ஒரு பில் மட்டும் 3 நாள் முன்பு தலைகாட்டும். எல்லாவற்றுக்கும் குறைக்க 'ஆர்க்-டெட்லைன்-வார்னிங்-டேஸ்' என்ற அமைப்பு உண்டு. நான் அதில் கை வைப்பதில்லை. வருமான வரிக் கணக்குக்கு எனக்கு 14 நாளே போதவில்லை!

இன்னொரு வழியும் இருக்கிறது. கடைசித் தேதி போட கன்ட்ரோல் சி, கன்ட்ரோல் டி அடிப்பீர்கள் அல்லவா? தேதி போட்ட பிறகு, முன்னால் கன்ட்ரோல் யூ இரண்டு முறை சேர்த்து அதே விசைகளை மறுபடி அடித்தால், எந்தத் தேதியிலிருந்து நினைவூட்ட வேண்டும் என்று அதுவே கேட்கும். ஆனால் தேதி கேட்கும் கீழ் வரியைப் பார்த்து இப்படி ஒரு வசதி இருப்பதை யாரும் ஊகிக்க முடியாது. எழுதுவதென்றால் இதை எழுதுங்கள். "அங்கே ஒரு குறிப்பு காட்டினால் நன்றாக இருக்கும்" என்பது உருப்படியான யோசனை.

கேள்வி: நான் புரோகிராமர் இல்லை, ஆங்கிலமும் சுமார்தான். யோசனை சொன்னால் மதிப்பார்களா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பொள்ளாச்சி

பதில்: தாராளமாகச் சொல்லுங்கள் ஐயா. 2003-இல் ஆர்க் மோடைத் தொடங்கிய கார்ஸ்டன் டொமினிக்கே தொழில்முறைப் புரோகிராமர் அல்ல, நெதர்லாந்தில் வானியலாளர். தன் குறிப்புகளையும் வேலைத் திட்டங்களையும் ஒழுங்காக வைத்துக்கொள்ளத்தான் இதைச் செய்தார்.

குறை சொல்ல வருபவரிடம் ஆர்க் கையேடு மூன்று கேள்வி கேட்கிறது: சரியாக என்ன செய்தீர்கள், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது? மூன்றுக்கும் தலா ஒரு வரி எழுதினால் போதும், இலக்கண சுத்தமெல்லாம் அங்கே யாருக்கும் வேண்டாம். "தேதி போடுவது கஷ்டமாக இருக்கிறது" என்று எழுதினால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. "இந்த விசையை அடித்தேன், நினைவூட்டும் நாளையும் கேட்கும் என்று நினைத்தேன், தேதியை மட்டும் கேட்டது" என்றால் அதைப் பிடித்துக்கொண்டு வேலை பார்க்கலாம். 'ஆர்க்-சப்மிட்-பக்-ரிப்போர்ட்' என்ற கட்டளை உங்கள் பதிப்பு எண்ணையும் அமைப்புகளையும் தானே திரட்டி மடல் வரைவு தயார் செய்துவிடும். அனுப்பும் முன் ஒருமுறை படித்துவிடுங்கள். கோப்புகளின் பெயர்கள் அதில் வரலாம், ஊருக்கெல்லாம் தெரிய வேண்டாம். யாராவது மாணவர் உதவியோடு நிரல் திருத்தத்தையே எழுதி அனுப்பினால், சுமார் 15 வரிக்குள் இருக்கும்வரை காப்புரிமை ஒப்பந்தத் தாள் எதிலும் கையெழுத்துக் கேட்க மாட்டார்கள்.

ஒன்று மட்டும் கவனம். இருப்பதை மாற்றச் சொல்லாதீர்கள், கூடுதலாக ஒரு வசதி கேளுங்கள். முன்பெல்லாம் 'சிறிது' குறி (<), 'எஸ்', அப்புறம் டேப் என்று தட்டினால் நிரல் எழுதும் கட்டம் திறக்கும். 9.2 பதிப்பில் அதை எடுத்துவிட்டு, கன்ட்ரோல் சி, கன்ட்ரோல் கமா என்று மாற்றினார்கள். புதிதாக வருபவருக்கு இதுதான் தெளிவு, மறுக்கவில்லை. ஆனால் பழகிய விரல் கேட்குமா? பழையது வேண்டுவோர் 'ஆர்க்-டெம்போ' என்ற சேர்க்கையை ஏற்றிக்கொள்ளலாம் என்று வழி விட்டிருந்தார்கள், பிழைத்தோம். நான் இன்றும் அதைத்தான் ஏற்றி வைத்திருக்கிறேன்.

கேள்வி: தமிழ்99-இல் தட்டும்போது ஆர்க்கின் குறுக்கு விசை எதுவுமே வேலை செய்வதில்லை. யாரிடம் முறையிடுவது?
– கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

பதில்: விண்டோஸ் அல்லது லினக்ஸின் தமிழ் விசைப்பலகையில் இருக்கிறீர்கள் என்று தெரிகிறது. அப்போது நீங்கள் அடிக்கும் கன்ட்ரோல் சி, ஈமேக்ஸுக்குக் கன்ட்ரோலோடு ஒரு தமிழ் எழுத்தாகப் போய்ச் சேர்கிறது. பாவம், அது என்ன செய்யும்? வெளியே ஆங்கிலத்திலேயே இருந்துகொண்டு, ஈமேக்ஸுக்குள் இருக்கும் தமிழ் உள்ளீட்டு முறையைத் தேர்ந்தெடுங்கள். கன்ட்ரோலோடு பின்சாய்கோடு அடித்தால் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறலாம், குறுக்கு விசைகளும் உயிரோடு இருக்கும். இது ஈமேக்ஸ் சமாச்சாரம். ஆர்க்காரர்களைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

கேள்வி: அட்டவணையில் தமிழ் எழுதினால் கோடு கோணிக்கொள்கிறதே?
– இல்லத்தரசி, மதுரை

பதில்: ஆர்க் ஒவ்வோர் எழுத்தையும் கட்டக் கணக்கில் அளந்து இடைவெளி விடுகிறது. 'ண', 'ர' இரண்டும் திரையில் ஒரே அகலமா என்ன? 'வாலைன்' என்ற சேர்க்கை திரைப் புள்ளிக் கணக்கில் நிமிர்த்திக் காட்டும், கறுப்புத் திரை டெர்மினலில் மட்டும் பயனில்லை. எதையும் நிறுவப் பிடிக்காவிட்டால் என் வழிக்கு வாருங்கள்: மளிகைக் கணக்கில் விலை, எடை எல்லாம் முதலில், பொருளின் பெயர் கடைசிப் பத்தியில். கோணினால் வலது ஓரம் மட்டும்தான் கோணும்.