கேள்வி பதில்: அரை மணி நேரம் ஆளையே காணோம், அப்புறம் மூன்று பஸ்!

ஸ்டாப்பில் அரை மணி நேரம் நின்றாலும் ஒரு பஸ் வராது. அப்புறம் ஒரே நம்பரில் மூன்று பஸ் வால் பிடித்துக்கொண்டு வரும். டிரைவர்கள் டீக்கடையில் பேசிவைத்துக்கொண்டு கிளம்புகிறார்களா?
(வாசகி, பெரம்பூர்)

டீக்கடையில் பேசினாலும் பேசாவிட்டாலும் இதுதான் நடக்கும். டெர்மினஸிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒன்றாக ஒழுங்காகத்தான் கிளம்புகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பஸ் ஏதோ ஒரு சிக்னலில் மூன்று நிமிடம் மாட்டிக்கொள்கிறது, அந்த மூன்று நிமிடத்தில் அடுத்த ஸ்டாப்பில் கூடுதலாக நாலு பேர் சேர்ந்துவிடுகிறார்கள், அவர்கள் படியில் முண்டியடித்து ஏறி முடிப்பதற்குள் அதற்கடுத்த ஸ்டாப்பில் இன்னும் எட்டுப் பேர். தாமதம் குட்டி போட்டுக்கொண்டே போகும். பின்னால் வருகிற வண்டிக்கோ ஏற ஆளே கிடையாது, ஏனென்றால் எல்லாரையும் முதல் வண்டியே அள்ளிப்போட்டுக்கொண்டு போய்விட்டது. அது காலியாக, விறுவிறுவென்று வந்து முன்னதைப் பிடித்துவிடும். 1964-லேயே நியூவெல், பாட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைக் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். லண்டன்காரர்களும் இதே புலம்பலைத்தான் புலம்புகிறார்கள், நமக்கு மட்டும் வாய்த்த சாபம் இல்லை.

இன்னொரு கணக்கு இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டால் எரிச்சல் கூடத்தான் செய்யும், பரவாயில்லை. இருபது நிமிடத்தில் இரண்டு பஸ். சரியாகப் பத்து நிமிட இடைவெளியில் வந்தால் நீங்கள் சராசரியாக 5 நிமிடம் நிற்பீர்கள். அதே இரண்டும் 2 நிமிடம், 18 நிமிடம் என்று கோணலாக வந்தால்? பத்தில் ஒன்பது பேர் அந்த 18 நிமிடப் பள்ளத்தில்தான் ஸ்டாப்புக்கு வந்து சேர்வார்கள், சராசரிக் காத்திருப்பு 8 நிமிடத்தைத் தாண்டிவிடும். பேப்பரில் "பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ்" என்பது அப்போதும் உண்மைதான்! அதனால்தான் வண்டி எண்ணிக்கையைக் கூட்டினோம் என்று யாராவது பெருமையாகச் சொன்னால் நான் அவ்வளவாக அசைவதில்லை, இடைவெளியை என்ன செய்தீர்கள் என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. சீக்கிரம் வந்துவிட்ட வண்டியை நடுவழியில் இரண்டு நிமிடம் நிறுத்திவைத்து அனுப்புவது பழைய வைத்தியம். ஆனால் அப்படி நிறுத்தினால் உள்ளே உட்கார்ந்திருக்கிற நாம்தானே முதலில் "எடுப்பா வண்டியை" என்று கத்துகிறோம்?

உங்களுக்கு ஒரு யோசனை. முதல் வண்டி பிதுங்கி வழிந்தால், பின்னால் அதே நம்பர் கண்ணுக்குத் தெரிகிறதா என்று ஒரு தரம் எட்டிப் பாருங்கள், தெரிந்தால் அதில் உட்கார்ந்தே போகலாம். ஒரே ஒரு ஆபத்து: முன்னது நிற்கிற தைரியத்தில் பின்னது ஸ்டாப்பில் நிற்காமல் ஓவர்டேக் பண்ணிப் போய்விடும். போன மாதம் இந்த யோசனையை நானே கடைப்பிடித்து இரண்டையும் விட்டேன்.

மீதிச் சில்லறையை டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கொடுக்கிறார் கண்டக்டர். இறங்கும் அவசரத்தில் எப்போதும் மறந்துபோகிறது. இதுவரை எவ்வளவு விட்டிருப்பேனோ!
(வாசகர், குரோம்பேட்டை)

அதைக் கூட்டிப் பார்க்காதீர்கள், இரவில் தூக்கம் வராது. ஆனால் காலையில் முதல் ட்ரிப்பில் பத்துப் பேர் நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் அந்த மனுஷனும் எங்கே போவார்? சென்னை மாநகர பஸ்ஸில் 2025 ஜனவரியிலிருந்து, முன்கூட்டியே பணம் போட்டுவைத்துக்கொள்கிற சிங்காரச் சென்னை அட்டை செல்லும், மெட்ரோவிலும் அதே அட்டைதான். போனில் ஸ்கேன் பண்ணியும் டிக்கெட் வாங்கலாம், கூட்ட நெரிசலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ரகசிய எண்ணை அடிக்கிற வித்தை கைவந்தால். எனக்கு வரவில்லை, அட்டைக்கு மாறிவிட்டேன்.

ஜன்னல் வழியாகத் துண்டு போட்டால் சீட் நமக்கா?
(வாசகர், விழுப்புரம்)

துண்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்காருகிறவரை நீங்கள் இன்னும் சந்திக்கவில்லை போலிருக்கிறது. பழைய துண்டாகவே போடுங்கள்.