தீம் பார்க் டிக்கெட் விலை வருஷா வருஷம் ஏறுது, லைவ் ஷோ மட்டும் குறைஞ்சுக்கிட்டே வருது. இதுல ஏதாவது நியாயம் இருக்கா?

இல்லைங்க. ஒரே வார்த்தையில பதில் போதும்னா இதோட நிறுத்திக்கலாம். ஆனா இந்தக் கேள்வியைப் பார்த்துட்டு என்னால சும்மா கடந்து போக முடியல, ஏன்னா ஒரு பெரிய தீம் பார்க்ல (பேரு வேண்டாம்) ஸ்டேஜ் ஷோவுக்கு சவுண்ட் டெஸ்க்ல உட்கார்ந்து வேலை பார்த்தவன் நான், நீங்க கேக்கற இந்தக் குறைப்பு ஒவ்வொரு படியா எப்படி நடக்குதுன்னு கண்ணு முன்னாடி பார்த்திருக்கேன்.

நீங்க அநேகமா குடும்பத்தோட போயிருப்பீங்க. எல்லாருக்கும் டிக்கெட், பார்க்கிங், அப்புறம் வரிசையைத் தாண்டிப் போறதுக்குத் தனியா ஒரு காசுன்னு கொட்டிக் குடுத்துட்டு உள்ள போய், முன்னாடி தடவை பார்த்த பேண்டைப் பசங்களுக்குக் காட்டலாம்னு தேடியிருப்பீங்க, அந்த இடத்துல ஸ்பீக்கர் மட்டும் பாடிக்கிட்டு இருந்திருக்கும். கேள்வியில இருக்கற கடுப்பைப் பார்த்தா அப்படித்தான் தோணுது.

விலைக் கதையை முதல்ல சொல்லிடறேன். 1955ல டிஸ்னிலேண்ட் திறந்தப்போ உள்ள நுழைய 1 டாலர்தான், ரைடுக்குத் தனித்தனியா சீட்டு. 1971ல ஃபுளோரிடாவுல டிஸ்னியோட மேஜிக் கிங்டம் பார்க் திறந்தப்போ நுழைவு 3.50 டாலர், அங்கயும் ரைடு தனி. எண்பதுகள்லதான் எல்லாம் சேர்த்து ஒரே டிக்கெட்னு ஆச்சு. மேஜிக் கிங்டம்ல ஒரு நாள் டிக்கெட் 100 டாலரைத் தாண்டினது 2015ல. 2018ல இருந்து தேதிக்குத் தேதி விலை மாறுது. 2024 அக்டோபர்ல டிஸ்னிலேண்ட்ல கூட்டமான நாளுக்கு 206 டாலர்னு ஆக்கிட்டாங்க. வரிசையைத் தாண்டிப் போறதுக்கு 1999ல இருந்து இலவசமா இருந்த ஃபாஸ்ட்பாஸை 2021ல நிறுத்திட்டு அதே வசதியை காசுக்கு விக்க ஆரம்பிச்சாங்க. பணவீக்கம்னு ஒண்ணு இருக்கு, பழைய டாலரை இன்னைய டாலரோட அப்படியே வைக்கக்கூடாது, தெரியும், யாரும் கமெண்ட்ல வந்து பாடம் எடுக்க வேண்டாம். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தாலும் ஏத்தம் ஏத்தம்தான்.

இன்னொரு பக்கம் எப்காட்ல (ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பகுதி வச்சிருக்கற ஃபுளோரிடா டிஸ்னி பார்க்) கனடா பகுதியில 1997ல இருந்து வாசிச்சுக்கிட்டு இருந்த ஆஃப் கில்ட்டர் பேண்டு 2014ல போச்சு. மொராக்கோ பகுதியில இருந்த மோ ராக்கின் பேண்டும் அதே வருஷம் போச்சு. 2020ல கொரோனா வந்து 28,000 பேரை வேலையை விட்டு எடுக்கப் போறதா அறிவிச்சாங்க, அதுல மேடைக் கலைஞர்கள் நூத்துக்கணக்குல போனாங்க. அது அசாதாரண காலம், பூட்டிக் கிடந்த பார்க்ல யாரை வச்சு ஷோ நடத்தறது, அதை நான் குத்தமா சொல்லல. ஆனா திரும்பத் திறந்தப்புறம் வந்தது என்ன? லயன் கிங் ஷோ 2021ல அந்தக் கரணம் அடிக்கற குரங்கு வேஷக்காரங்க இல்லாமதான் வந்துச்சு, அவங்க திரும்பினது 2022 ஜூலைல. ஃபைண்டிங் நீமோ மியூசிக்கல் 2022ல திரும்ப வந்தப்போ நல்லா சுருங்கி வந்துச்சு. டிக்கெட்டுக்கு மட்டும் அந்த மாதிரி சுருக்கம் எதுவும் வரல.

எல்லாத்தையும் அழிச்சுட்டாங்கன்னும் நான் சொல்லல. டாப்பர் டேன்ஸ், வாய்சஸ் ஆஃப் லிபர்ட்டின்னு டிஸ்னி பார்க் பாட்டுக் குழுக்கள் இன்னும் பாடறாங்க, 2025 ஜூலைல மேஜிக் கிங்டம்ல புதுசா ராத்திரி பரேடு ஆரம்பிச்சாங்க. இதையெல்லாம் மறைச்சுட்டுப் பேசினா அது நேர்மை இல்ல.

இப்ப கம்பெனிக்காரங்க பக்கம் இருக்கறதிலேயே வலுவான வாதத்தைச் சொல்றேன். 1966ல பாமோல், போவென்னு ரெண்டு பொருளாதார நிபுணர்கள் எழுதினது. நாலு பேர் சேர்ந்து வாசிக்கற ஒரு இசைக்கு இருநூறு வருஷத்துக்கு முன்னாடியும் நாலு பேர்தான் வேணும், இன்னைக்கும் நாலு பேர்தான் வேணும், நேரமும் அதேதான். ஃபேக்டரியில மெஷின் வந்தா அதே ஆளு பத்து மடங்கு செய்வான், வயலின் வாசிக்கறவர் பத்து மடங்கு வேகமா வாசிக்க முடியாது. ஆனா வெளியில எல்லாருக்கும் சம்பளம் ஏறும்போது இவருக்கும் ஏத்தித்தான் ஆகணும். அதனால மேடைக் கலையோட செலவு மத்ததைவிட வேகமா ஏறிக்கிட்டே இருக்கும். இது உண்மை, நான் மறுக்கல. ஒரு பாடகருக்குப் பின்னாடி மாத்து ஆள், டிரஸ் மாட்டி விடறவங்க, தினமும் துவைக்கற காஸ்ட்யூம், ரிகர்சல், லைட், சவுண்டுன்னு எத்தனை பேரு இருக்காங்கன்னு எனக்கு நல்லாவே தெரியும், அதுல ஒருத்தன்தான் நான்.

ஆனா இங்கதான் அவங்க கணக்கு இடிக்குது. மனுஷனை வச்சு நடத்தறதுக்குச் செலவு ஏறுதுன்னா அதுக்குத்தானே டிக்கெட் விலையை ஏத்தறது? விலையையும் ஏத்திட்டு மனுஷனையும் எடுத்துட்டா, ஏத்தின காசு எந்தச் செலவுக்கு? புது ரைடுக்குன்னு சொல்வாங்க. 2023ல டிஸ்னி பத்து வருஷத்துல 60 பில்லியன் டாலர் பார்க், கப்பல் பக்கம் போடறதா அறிவிச்சது, சரி. ஆனா அதே பார்க், கப்பல் பிரிவு 2024 நிதியாண்டுல 9 பில்லியன் டாலருக்கு மேல செயல்பாட்டு லாபம் காட்டியிருக்கு. ரோட்டோரமா வாசிக்கற நாலு பேருக்குச் சம்பளம் குடுக்க முடியாத நிலைமையில இருக்கற தொழில் இல்ல இது. கணக்குல இன்னொரு விஷயமும் இருக்கு. ரைடு கட்டினா அது சொத்து, அதோட செலவைப் பல வருஷத்துக்குப் பிரிச்சு எழுதிக்கலாம். பாடகரோட சம்பளம் அப்படி இல்ல, அந்தந்தக் காலாண்டுச் செலவு. வர்ற காலாண்டுக்கு நம்பரை அழகாக்கணும்னா கை முதல்ல எங்க போகும்னு நீங்களே பாருங்க.

என் கதைக்கு வர்றேன். நான் இருந்த ஷோவுல லைவ் பேண்டு. டிரம்ஸ், பேஸ், கீபோர்டு, டிரம்பெட், டிராம்போன், ரெண்டு பாடகர்கள். நடுவுல ஒரு இடத்துல பாடகி கீழ இறங்கி வந்து ஒரு குழந்தையை மேடைக்குக் கூட்டிட்டுப் போய் ஒரு கேள்வி கேப்பாங்க. அந்தக் குழந்தை பதில் சொல்ற வரைக்கும் டிரம்மர் பிரஷ்ஷால மெதுவா தட்டிக்கிட்டே இருப்பார், அவர் கண்ணு பாடகி மேலயே இருக்கும், என் கண்ணு அவர் மேல. சில குழந்தை டக்குனு சொல்லிடும். சிலது அம்மாவைத் தேடும், மைக்கைப் பிடிச்சு இழுக்கும், அழும். எத்தனை நேரமானாலும் பேண்டு காத்திருக்கும். பதில் வந்த அடுத்த செகண்டு டிரம்பெட் எகிறும் பாருங்க, அந்த அரங்கமே எழுந்திரிச்சுடும். அது ஒரு நாளைக்கு ஒரு மாதிரி இருக்கும், அதுதான் அதோட அழகே.

அப்புறம் குறைக்க ஆரம்பிச்சாங்க. முதல்ல நாளுக்கு ஓடற ஷோ எண்ணிக்கை. அதுக்கப்புறம் கூட்டம் கம்மியான நாள்ல ஷோவே கிடையாது. அடுத்தது டிராம்போன்காரர் காண்ட்ராக்ட் முடிஞ்சப்போ புதுப்பிக்கல, அவர் வாசிச்சதை ரெக்கார்டு பண்ணி டிராக்ல போடச் சொன்னாங்க, போட்டது நான்தான், என் வேலை அது. டிராக் வந்துட்டா மத்தவங்க எல்லாரும் காதுல கிளிக் (தாளம் காட்டற டிக் டிக் சத்தம்) கேட்டுத்தான் வாசிக்கணும். கிளிக் வந்ததும் லைட்டையும் ஸ்கிரீனையும் டைம்கோடுல (குறிச்ச நேரத்துக்கு எல்லாத்தையும் தானா ஓட வைக்கற சிக்னல்) பூட்டிட்டாங்க, அப்பத்தான் லைட் ஆபரேட்டர் ஒருத்தரைக் குறைக்கலாம். பூட்டினப்புறம் குழந்தை பதில் சொல்றதுக்குன்னு ஒதுக்கின நேரம் சில செகண்டு. அதுக்குள்ள சொன்னா சொல்லட்டும், இல்லன்னா மியூசிக் வந்துடும். யோசிச்சுக்கிட்டு நிக்கற குழந்தை மேல மியூசிக் வந்து விழறதை டெஸ்க்ல உட்கார்ந்துக்கிட்டு நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கேன், பாடகி சிரிச்சுக்கிட்டே அந்தக் குழந்தையைத் திருப்பி அனுப்புவாங்க, அதுக்கு என்ன நடந்துச்சுன்னே புரிஞ்சிருக்காது. கடைசியில அந்தக் குழந்தை சீனையே எடுத்துட்டாங்க, நேரம் மிச்சம்னு. பேண்டு முழுசா போனது அதுக்கு அப்புறம்.

மீட்டிங்ல மேனேஜர் ஒரு சார்ட் காட்டினார், குறைச்சதுக்கு அப்புறமும் கெஸ்ட் சேட்டிஸ்ஃபேக்ஷன் ஸ்கோர் விழலைன்னு. எனக்கு இன்னைக்கும் வயிறு எரியறது அந்த சார்ட்டை நினைச்சுத்தான். சர்வேல கேக்கற கேள்வி "நீங்க பார்த்த ஷோ எப்படி இருந்தது?" பார்த்தவங்க நல்லா இருந்ததுன்னு சொல்வாங்க. ஷோ இல்லாத நாள்ல வந்தவங்ககிட்ட அந்தக் கேள்வியே போகாது. முதல் தடவை வர்றவங்களுக்கு அங்க ஒரு டிராம்போன் இருந்ததே தெரியாது, இல்லாததை எப்படிக் கேப்பாங்க? ரைடு நின்னா உடனே தெரியும், எத்தனை நிமிஷம் நின்னுச்சு, எத்தனை பேர் ஏறாம போனாங்கன்னு எல்லாம் நம்பர்ல வரும். ரோட்டுல ஒரு பேண்டைப் பார்த்து ஒரு குடும்பம் பத்து நிமிஷம் நின்னு சிரிச்சுச்சே, அது எந்த சார்ட்லயும் வராது. அதனாலதான் அதை வெட்டறது இவ்வளவு சுலபமா இருக்கு.

இதுல பார்க் நடத்தறவங்களுக்கே நஷ்டமும் இருக்கு, ஒரு வகையில லாபமும் இருக்கு. ஆயிரத்து ஐநூறு பேர் உட்கார்ற அரங்கம் அரை மணி நேரத்துக்கு அத்தனை பேரையும் வழியில இருந்தும் வரிசையில இருந்தும் எடுத்து உள்ள வச்சுக்குது. ஷோவைக் குறைச்சா அவங்க எல்லாரும் ரைடு வரிசைக்குத்தான் போவாங்க, வரிசை நீளும், நீண்டா வரிசையைத் தாண்டற பாஸ் நல்லா விக்கும். வேணும்னே செய்யறாங்கன்னு நான் சொல்ல வரல, என்கிட்ட ஆதாரம் இல்ல. விளைவு அதுதான்னு மட்டும் சொல்றேன். நான் இருந்த இடத்துல ஒரு நாள் பெரிய ரைடு நின்னு போய் வரிசையில நின்னவங்க வெயில்ல கத்த ஆரம்பிச்சுட்டாங்க, பேண்டுல ரெண்டு பேர் யாரும் சொல்லாமலே டிரம்பெட்டையும் ஸ்னேர் டிரம்மையும் எடுத்துக்கிட்டுப் போய் வரிசைக்குப் பக்கத்துல வாசிச்சாங்க. கத்தல் நின்னு கைதட்டல் வந்துச்சு. ஸ்பீக்கர் எழுந்து நடந்து போகாதுங்க.

"மக்களுக்கு ரைடுதான் வேணும், ஷோ யாரு பார்க்கறாங்க"ன்னு சொல்றவங்களுக்கு ஒரே ஒரு உதாரணம். பிரான்ஸ்ல பூய் டு ஃபூன்னு ஒரு பார்க். ரோலர் கோஸ்டரே கிடையாது, முழுக்க முழுக்க ஷோ. குதிரை, கத்திச் சண்டை, பறவைகள், ரோமானிய அரங்கம். வருஷத்துக்கு 20 லட்சம் பேருக்கு மேல போறாங்க, அந்த நாட்டுல அதிகம் பேர் போற பார்க்குகள்ல ஒண்ணு. 1978ல ஆரம்பிச்ச அதோட பிரம்மாண்ட ராத்திரி ஷோவுல நடிக்கறது தன்னார்வலர்கள்னு யாராவது சொல்வீங்க, அது சரிதான், ஆனா பகல்ல நடக்கற ஷோவுல சம்பளம் வாங்கற கலைஞர்கள் இருக்காங்க.

"அது தனியார் கம்பெனி, பிடிக்கலன்னா போகாதே"ன்னு சொல்லப் போறவங்களுக்கும் இப்பவே சொல்லிடறேன். அவங்களுக்கு உரிமை இருக்கான்னு கேள்வி இல்ல. நியாயமான்னுதான் கேள்வி. விலையை ஏத்தறப்போ "அனுபவம்"னு விளம்பரம் பண்றாங்க, விளம்பரப் படத்துல ஆடறது யாரு? மனுஷங்கதானே. 2024 மே மாசம் டிஸ்னிலேண்ட்ல கேரக்டர் வேஷம் போடறவங்க, பரேடுல ஆடறவங்கன்னு கிட்டத்தட்ட 1,700 பேருக்கு ஆக்டர்ஸ் ஈக்விட்டி யூனியன் வேணுமான்னு ஓட்டு நடந்து, பெரிய வித்தியாசத்துல ஜெயிச்சாங்க. வேலை பாதுகாப்பா, சந்தோஷமா இருந்திருந்தா அத்தனை பேர் அப்படி ஓட்டுப் போட்டிருக்க மாட்டாங்க.

சம்பந்தம் இல்லாத ஒண்ணு, ஆனா சொல்லாம இருக்க முடியல. ஓடிடில படம் முடிஞ்சு பேரு ஓட ஆரம்பிச்ச உடனே திரையைச் சுருக்கி மூலையில போட்டுட்டு அடுத்த படத்துக்குத் தாவுது. அந்தப் பேருல சவுண்டுக்காரன் பேரு பெரும்பாலும் கடைசிப் பக்கமாத்தான் வரும். மாசக்கணக்கா இருட்டு ரூம்ல உட்கார்ந்து வேலை பார்த்தவன் பேரைப் படிக்க ஒரு நிமிஷம் குடுக்கக்கூடாதா? ஒவ்வொரு தடவையும் ரிமோட்டைத் தேடி அதை நிறுத்த வேண்டியிருக்கு. வீட்ல எல்லாரும் திட்டறாங்க, நான் நிறுத்திப் பார்த்துட்டுத்தான் எழுந்திரிப்பேன்.

சரி, உங்க விஷயம். அடுத்த தடவை டிக்கெட் வாங்கறதுக்கு முன்னாடி நீங்க போற தேதிக்கு ஷோ நேரப் பட்டியலைப் பாருங்க, பிடிச்ச ஷோ இல்லன்னா தேதியை மாத்துங்க. போய்ட்டு வந்தப்புறம் சர்வே வந்தா கடைசியில இருக்கற காலிக் கட்டத்துல ஷோவோட பேரு, அதுல உங்களுக்கு என்ன பிடிச்சதுன்னு எழுதுங்க. "ஷோ சூப்பர்"னு மட்டும் எழுதாதீங்க, அது ஸ்கோரோட கலந்து போயிடும். பேரு போட்டு எழுதினது மட்டும்தான் தனியா எடுத்து வைக்கப்பட்டு மேல போகும், எங்க இடத்துல அப்படித்தான் இருந்துச்சு. ஒரு டான்ஸரைக் குறிப்பிட்டு வந்த கடிதங்களைக் காட்டித்தான் எங்க ஸ்டேஜ் மேனேஜர் அவங்க காண்ட்ராக்டை நீட்டிக்க வச்சாங்க.

எடிட்: ஒருத்தர் மெசேஜ்ல கேட்டிருக்கார், கேரக்டர்கூட நின்னு போட்டோ எடுக்கறதும் லைவ் தானே, அது கூடியிருக்கேன்னு. ஆமாங்க, லைவ்தான், அந்த டிரெஸ்ஸுக்குள்ள வெயில்ல நிக்கறவங்க உழைப்பு சாதாரணம் இல்ல. ஆனா அதுக்கும் வரிசையில நிக்கணும். நான் சொல்றது வரிசையில நிக்காமலே, நீங்க நடந்து போற வழியில தானா உங்களுக்குக் கிடைச்ச விஷயங்களை. பேண்டை எடுத்துட்டு அந்த இடத்துல போட்டோ வரிசை வச்சா ரெண்டும் ஒண்ணாகாது.