'ப்ளீஸ்' போட்டால் போதுமா?
ஆபீஸ் ஆங்கிலம்: வாசகர் கேள்வி – பதில்

நான் திண்டுக்கல் பக்கம். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். இப்போது பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. தினமும் சாயந்திரம் லண்டன் கிளையன்ட்டோடு கால் இருக்கும். போன வாரம் ரிலீஸைத் தள்ளிவைக்கலாம் என்று சொல்ல நினைத்து, "ப்ளீஸ் சேஞ்ச் தி டேட், யூ பெட்டர் டூ இட் ஆன் தேர்ஸ்டே" என்றேன். கால் முடிந்ததும் மேனேஜர் கூப்பிட்டு, "கிளையன்ட்டுக்கு ஆர்டர் போடாதே" என்றார். ப்ளீஸ் போட்டுத்தானே சொன்னேன்? அன்றிலிருந்து மியூட்டிலேயே இருக்கிறேன்.
– வாசகர், ஒயிட்ஃபீல்டு

முதலில் மியூட்டை எடுங்கள் தம்பி. எங்கே உடையும் என்று டெஸ்டிங்கில் இருக்கிறவருக்குத்தான் தெரியும், அவர் வாயைத் திறக்காவிட்டால் அந்த பக், அதாவது சாஃப்ட்வேர் பிழை, நேராக வாடிக்கையாளர் கையில் போய் நிற்கும். நீங்கள் சொன்ன விஷயம் சரி, சொன்ன வடிவம்தான் இடறிவிட்டது.

'ப்ளீஸ்' ஒன்றைக் கேட்டு வாங்குவதற்கான சொல். "ப்ளீஸ் சென்ட் தி லாக் ஃபைல்" என்றால் பிரச்சினை இல்லை, அது அவர் செய்ய வேண்டிய வேலை. ஆனால் முடிவு எடுக்கும் உரிமை எதிராளியிடம் இருக்கும்போது "ப்ளீஸ் சேஞ்ச்" என்றால், முடிவை நீங்களே எடுத்துவிட்டு அவரை நிறைவேற்றச் சொல்வதுபோல் ஆகிவிடும். 'யூ பெட்டர்' அதைவிட மோசம், அது 'யூ ஹேட் பெட்டர்' (had better) என்பதன் சுருக்கம். 'ஹேட் பெட்டர்' என்றால் 'செய்வது நல்லது' என்றுதான் பள்ளியில் எழுதிப் போட்டிருப்பார்கள், ஆனால் இங்கிலாந்துக்காரர் காதில் அது 'செய்யாவிட்டால் வம்பு வரும்' என்கிற எச்சரிக்கை. கிளையன்ட்டிடம் அது வேண்டவே வேண்டாம்.

சரி, எப்படிச் சொல்லியிருக்கலாம்? காரணத்தை முதலில் வையுங்கள், யோசனையைப் பின்னால் கேள்வியாக வையுங்கள்: "தி பேமென்ட் ஸ்க்ரீன் ஸ்டில் ஹேஸ் டூ ஓப்பன் பக்ஸ். குட் வீ மூவ் தி ரிலீஸ் டு தேர்ஸ்டே?" இதில் 'யூ' போய் 'வீ' வந்துவிட்டது, அதாவது நானும் இந்த வேலையில் இருக்கிறேன் என்று சொல்லியாகிவிட்டது. கேள்வியாக இருப்பதால் அவர் 'முடியாது' என்று சொல்லவும் இடம் இருக்கிறது, அந்த இடத்தை விட்டுவைப்பதுதான் மரியாதையே. இரண்டு பக் இருப்பதை முதலில் கேட்டுவிட்ட மனுஷர் பெரும்பாலும் வியாழனுக்குச் சரி என்றுதான் சொல்வார்.

'கேன்' என்றில்லாமல் 'குட்' (could) என்று ஏன் போட்டேன் என்றால், ஆங்கிலத்தில் இறந்தகால வடிவம் எப்போதும் நேற்றைக் குறிப்பதில்லை. ஒரு எட்டு தள்ளி நின்று பேசுகிற தொனியை அது கொண்டுவரும். "வாட் இஃப் வீ மூவ்ட் இட் டு தேர்ஸ்டே?" என்பதில் 'மூவ்ட்' வருவதும் "ஐ வாஸ் வொண்டரிங் இஃப் வீ குட்..." என்பதில் 'வாஸ்' வருவதும் இதே கணக்குதான். நம் மொழியில் 'ங்க' சேர்த்தால் வேலை முடிந்தது, அங்கே அந்தப் பாரத்தை வினைச்சொல்தான் சுமக்கிறது.

சொந்த டீமுக்குள் இவ்வளவு தேவையில்லை. "ஒய் டோன்ட் வீ ட்ரை தேர்ஸ்டே?", "ஹவ் அபௌட் மூவிங் இட்?" போதும். 'ஹவ் அபௌட்' பின்னால் நேராக வினைச்சொல் வந்தால் அதில் 'இங்' சேரும், மறந்துவிடாதீர்கள். 'சஜஸ்ட்' சொல்லும்போது "ஐ சஜஸ்ட் யூ டு மூவ்" என்பது தவறு, நம் ஊர் மெயில்களில் தினமும் பார்க்கிற தவறு. "ஐ சஜஸ்ட் மூவிங் இட்" அல்லது "ஐ சஜஸ்ட் வீ மூவ் இட்" என்பதுதான் சரி. அப்புறம், பெங்களூரில் எல்லார் வாயிலும் வருகிற "டூ ஒன் திங்". தமிழில் 'ஒண்ணு பண்ணுங்க', கன்னடத்தில் 'ஒந்து கெலச மாடி', இந்தியில் 'ஏக் காம் கரோ' என்று நமக்குள் அது நட்பான பேச்சு, கேன்டீனில் தாராளமாகச் சொல்லுங்கள். லண்டன் காலில் அது கட்டளையாகத்தான் விழும்.

எனக்கு எதிர்ப் பிரச்சினை. நான் மெதுவாக ஒரு யோசனை சொல்வேன், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். பத்து நிமிஷம் கழித்து அதையே ஒருவர் சத்தமாகச் சொல்வார், 'கிரேட் ஐடியா' என்பார்கள்.
– வாசகி, எலெக்ட்ரானிக் சிட்டி

உங்கள் கோபம் நியாயமானது. மீட்டிங்கை நடத்துகிறவர்தான் "இதை அவர் முன்பே சொன்னார்" என்று சொல்ல வேண்டும், அது அவர் கடமை. சொல்லாவிட்டால் நீங்களே சொல்லலாம், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை: "தேங்க்ஸ் ஃபார் பிக்கிங் தட் அப். அஸ் ஐ மென்ஷன்ட் அர்லியர்..." என்று ஆரம்பித்து, மேலே ஒரு விவரமும் சேர்த்துவிடுங்கள், பேச்சு உங்கள் கைக்குத் திரும்பிவிடும்.

ஆனால் சொல்லும் முறையையும் ஒருதரம் பாருங்கள். "சாரி, ஐ ஜஸ்ட் தாட் மேபி வீ குட் பெர்ஹாப்ஸ்..." என்று நாலு மெத்தை போட்டுப் படுக்க வைத்தால் யோசனை அங்கேயே தூங்கிவிடும். ஒரு 'குட்' போதும். 'சாரி' வேண்டவே வேண்டாம், நீங்கள் யாரையும் மிதித்துவிடவில்லையே. "கேன் ஐ சஜஸ்ட் சம்திங் ஹியர்?" என்று கேட்டு, ஒரு நொடி நிறுத்தி, எல்லோரும் கவனித்த பிறகு சொல்லுங்கள். முடிக்கும்போது பதில் சொல்ல வேண்டியவரைப் பெயர் சொல்லி, "வுட் தட் வொர்க் ஃபார் யூ?" என்று கேளுங்கள், பெயர் விழுந்த பிறகு யாராலும் சும்மா இருக்க முடியாது. கூடவே சாட்டில் ஒரு வரி தட்டிவிடுங்கள், எழுத்தில் இருந்தால் யார் முதலில் சொன்னது என்ற கேள்வியே வராது.

சர்வர் விழுந்து கிடக்கிற நேரத்தில் இந்த நயமெல்லாம் தேவையில்லை. "வீ நீட் டு ரோல் பேக் நௌ" (உடனே பழைய பதிப்புக்குத் திரும்ப வேண்டும்) என்று நேராகச் சொல்லுங்கள், யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள்.

கிளையன்ட் "யூ மைட் வான்ட் டு லுக் அட் தட் அகெய்ன்" என்றார். விருப்பம் இருந்தால் பார்க்கச் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். அடுத்த காலில் ஏன் செய்யவில்லை என்று கேட்கிறார்!
– வாசகர், மாரத்தஹள்ளி

இங்கிலாந்துக்காரர் வாயில் அது பெரும்பாலும் 'திருத்திக் கொடுங்கள்' என்பதுதான். அவர் உங்களுக்கு மரியாதை காட்டியிருக்கிறார், அதைச் சலுகை என்று எடுத்துக்கொண்டீர்கள். "தட்ஸ் அன் இன்ட்ரஸ்டிங் ஐடியா" என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குத் தாவினாலும் கவனியுங்கள், அது பல நேரம் 'வேண்டாம்' தான். சந்தேகம் வந்தால் ஊகிக்காமல் அந்த இடத்திலேயே கேட்டுவிடுங்கள்: "ஷுட் வீ ஃபிக்ஸ் திஸ் ஃபார் திஸ் ரிலீஸ், ஆர் கேன் இட் வெயிட்?" பதிலை அன்றைக்கே மெயிலில் போட்டுவிடுங்கள்.