ஆள் இல்லாத தீவு ஆக்கப்பட்டது எப்படி? சாகோஸ் பற்றிய வாசகர் கேள்விகள்

சாகோஸ் தீவுகளைப் பற்றி எழுதிக் கேட்டவர்களில் பாதிப் பேருக்கு அவை எங்கே இருக்கின்றன என்று தெரிய வேண்டும். மீதிப் பேருக்கு அவை யாருடையவை என்று தெரிய வேண்டும். முதலாவதற்கு ஒரு நிலப்படம் போதும். இரண்டாவதற்கு அறுபது ஆண்டுகளாக வழக்கறிஞர்கள் பதில் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கி, நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

டியாகோ கார்சியா நமக்கு எவ்வளவு தூரம்? (நாகர்கோவில் வாசகர்)

உங்கள் ஊரிலிருந்து டெல்லியைவிடப் பக்கம். கன்னியாகுமரியிலிருந்து நேர் தெற்கே, சற்றே மேற்காகச் சாய்ந்து ஏறத்தாழ 1,800 கிலோமீட்டர் போனால், அமெரிக்க ராணுவத் தளம் உள்ள அந்தத் தீவு வரும். நடுவில் நில நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும். தீவுக்கு உரிமை கோரும் மொரீஷியஸோ அங்கிருந்து 2,100 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. மிக அருகில் மக்கள் வாழும் இடம் மாலத்தீவின் தென்கோடி. அதுவே 700 கிலோமீட்டருக்கு மேல்.

சாகோஸ் என்பது ஒரு தீவு அல்ல. டியாகோ கார்சியா, பெரோஸ் பான்யோஸ், சாலமன், எக்மான்ட் என்று கடலில் சிதறிக்கிடக்கும் ஐம்பதுக்கும் மேற்பட்ட சிறு தீவுகள். எல்லாவற்றின் நிலத்தையும் கூட்டினாலும் சுமார் 60 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் நீருக்கடியில் கிடக்கும் 'பெரிய சாகோஸ் திட்டு' 12,000 சதுர கிலோமீட்டரைத் தாண்டும். உலகின் மிகப்பெரிய பவளத்தீவு அமைப்பு அதுவே. டியாகோ கார்சியா ஒடுக்கமான நிலப்பட்டை. உயரத்திலிருந்து பார்த்தால் நடுவே பெரிய காயலைச் சுற்றி யாரோ காலடி பதித்ததுபோலத் தெரியும். நிலம் கடல்மட்டத்துக்கு மேல் பெரும்பாலும் ஒரு மனித உயரம்கூட இல்லை. ஆழமான, காற்றடக்கமான அந்தக் காயல்தான் தீவின் தலைவிதியை எழுதியது.

எம்டன் கப்பல் அங்கே போனதாகச் சொல்கிறார்களே, உண்மையா? (சென்னை வாசகர்)

உண்மை. சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளை 1914 செப்டம்பர் 22 இரவில் எரித்துவிட்டுப் போன அதே எம்டன், அக்டோபர் 9 அன்று டியாகோ கார்சியாவின் காயலுக்குள் நுழைந்தது. சென்னைவாசிகள் மூட்டை கட்டிக்கொண்டு ஊரைவிட்டு ஓடிய செய்தி எதுவும் அந்தத் தீவுக்கு எட்டவில்லை. உலகப் போர் தொடங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. தீவு பிரிட்டனுடையது, கப்பல் ஜெர்மனியுடையது. தந்தி இல்லாத தீவு, எப்போதாவது வரும் கப்பலை நம்பிய தீவு. ஆகவே தோட்ட நிர்வாகி வந்தவர்களை விருந்தாளிகளாக வரவேற்றார்.

கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் அவசரப்படவில்லை. நிலக்கரி ஏற்றிக்கொண்டார், கப்பலின் அடிப்பாகத்தில் ஒட்டியிருந்த பாசியையும் சிப்பியையும் சுரண்ட வைத்தார். நிர்வாகியின் மோட்டார் படகு பழுதாகிக் கிடந்ததைப் பார்த்து, கப்பல் மெக்கானிக்குகளை அனுப்பிச் சரிசெய்தும் கொடுத்தார். போர் நடப்பதை மட்டும் சொல்லவில்லை. தமிழில் கெட்டிக்கார ஆளை 'சரியான எம்டன்' என்று சொல்கிறோமே, அந்தப் பட்டத்துக்குச் சென்னைக் குண்டுவீச்சைவிட இந்த மோட்டார் படகுக் கதையே பொருத்தம் என்பது என் கட்சி.

விடுதலைப் போராட்ட வீரர் செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் இருந்தாரா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கேட்க நன்றாக இருக்கும் கதை. ஆனால் அந்த மாதங்களில் அவர் சூரிக்கிலும் பெர்லினிலும் இருந்தார்.

ராணுவத் தளம் வருவதற்கு முன் அங்கே யார் இருந்தார்கள்? (ஈரோடு வாசகர்)

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை நிரந்தரமாக யாரும் இல்லை. மாலத்தீவு மீனவர்களுக்குத் தீவுகள் தெரியும். போர்ச்சுகீசிய மாலுமிகள் வரைபடத்தில் குறித்திருந்தார்கள். 1786இல் பம்பாயிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு குடியேற்றக் குழுவை அனுப்பியது. அது நிலைக்கவில்லை. அப்போது அந்தத் தீவுகளை அளந்த ஆர்ச்சிபால்ட் பிளேர்தான் பின்னர் அந்தமானுக்குப் போய்த் தன் பெயரை ஒரு துறைமுகத்துக்குக் கொடுத்தவர்.

நிலைத்தவர்கள் பிரெஞ்சுத் தோட்ட முதலாளிகள். மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் அடிமைகளைக் கொண்டுவந்து தென்னை வளர்த்தார்கள். 1814 பாரிஸ் உடன்படிக்கையில் மொரீஷியஸோடு சாகோஸும் பிரிட்டன் கைக்கு வந்தது. 1830களில் அடிமைமுறை ஒழிந்தபின் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளும் வந்து சேர்ந்தார்கள். வேலை ஒன்றே: தேங்காய் பொறுக்கி, உரித்து, உடைத்து, கொப்பரை போட்டு, செக்கில் ஆட்டுவது. மொரீஷியஸின் விளக்குகள் இந்த எண்ணெயில் எரிந்ததால் இவற்றுக்கு 'எண்ணெய்த் தீவுகள்' என்றே பெயர். நம் கொப்பரை என்ற சொல்தான் ஆங்கிலத்திலும் போர்ச்சுகீசியத்திலும் சற்றே உருமாறி அந்தத் தீவின் கணக்குப் புத்தகங்கள்வரை போனது.

ஆறேழு தலைமுறையில் அவர்கள் தனி மக்களானார்கள். தங்களுக்கென ஒரு கிரியோல் மொழி, கத்தோலிக்கக் கோயில், கல்லறைத் தோட்டம், வீட்டைச் சுற்றிக் கோழியும் நாயும்.

'பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேசம்' எப்போது, ஏன் உருவானது? (திருச்சி வாசகர்)

1965 நவம்பர் 8 அன்று. மொரீஷியஸ் விடுதலை கேட்டுக்கொண்டிருந்த நேரம். அமெரிக்காவுக்கு இந்தியப் பெருங்கடலில் ஒரு தளம் வேண்டும். அரசியல் தொந்தரவில்லாத தீவாக இருக்க வேண்டும். லண்டனில் பிரதமர் ஹரோல்டு வில்சன், மொரீஷியஸ் தலைவர் சிவசாகர் ராம்கூலத்தைச் சந்தித்தார். விடுதலை என்ற ஆசையைக் காட்டியே அவரைப் பயமுறுத்தலாம் என்று வில்சனுக்கு அதிகாரிகள் எழுதிக்கொடுத்த குறிப்பு பின்னாளில் வெளிவந்தது. சாகோஸை மொரீஷியஸிலிருந்து பிரித்தெடுக்க 30 லட்சம் பவுண்டுக்குப் பேரம் முடிந்தது. ஒரு குடியேற்ற நாட்டை உடைத்துவிட்டு விடுதலை கொடுக்கக் கூடாது என்று ஐ.நா. பொதுச்சபை 1960லேயே தீர்மானித்திருந்தது. அதைப் பற்றி லண்டன் கவலைப்படவில்லை.

1966 டிசம்பர் 30இல் அமெரிக்காவுடன் கடிதப் பரிமாற்றம் நடந்தது: 50 ஆண்டு, தேவையானால் மேலும் 20 ஆண்டு. வாடகை கிடையாது என்று காகிதம் சொன்னது. ஆனால் பிரிட்டன் வாங்கிய போலாரிஸ் ஏவுகணைகளுக்கான கட்டணத்தில் 1.4 கோடி டாலரை அமெரிக்கா ஓசையில்லாமல் தள்ளுபடி செய்தது. இது இரு நாட்டு நாடாளுமன்றங்களுக்கும் அப்போது சொல்லப்படவில்லை.

இதில் ஒரு கிளைக்கதை. முதலில் இந்தப் பிரதேசத்தில் செஷல்ஸின் அல்டாப்ராவும் இருந்தது. அங்கே விமானத்தளம் கட்டவும் திட்டம் இருந்தது. அல்டாப்ராவில் ராட்சத ஆமைகள் உண்டு. இரு நாட்டு விஞ்ஞானிகளும் கொதித்தெழுந்தார்கள்; பிரிட்டனின் பணத்தட்டுப்பாடும் சேர்ந்துகொள்ள, 1967இல் திட்டம் கைவிடப்பட்டது. 1976இல் செஷல்ஸ் விடுதலை பெற்றபோது அல்டாப்ரா அதற்கே திரும்பியது. ஆமைகளுக்குப் பேச ஆள் இருந்தது.

அங்கிருந்த மக்களை வெளியேற்றியதற்கு என்ன காரணம் சொன்னார்கள்? (மதுரை வாசகர்; இதே கேள்வியை இன்னும் மூவர் கேட்டிருக்கிறார்கள்)

வெளியேற்றியதாகவே சொல்லவில்லை. அங்குதான் சூட்சுமம். நிரந்தரக் குடிமக்கள் இருந்தால் அவர்களின் நலனைப் பற்றி ஐ.நா.வுக்கு அறிக்கை தர வேண்டும். ஆகவே அங்கிருப்பவர்கள் எல்லாரும் மொரீஷியஸிலிருந்தும் செஷல்ஸிலிருந்தும் வந்த தற்காலிக ஒப்பந்தத் தொழிலாளர்கள் என்று எழுதி வைத்தார்கள். 1966ஆம் ஆண்டுக் கோப்பில் ஓர் உயர் அதிகாரி, கடற்காக்கைகளைத் தவிர அங்கே பூர்வகுடிகள் இருக்க மாட்டார்கள் என்று கேலி எழுதினார். இன்னொருவர், பறவைகளோடு சில டார்ஜான்களும் இருக்கிறார்களே என்று அதற்குக் கீழே பதில் எழுதினார். கல்லறைக் கற்களில் தலைமுறைப் பெயர்கள் இருந்தன. கோப்பில் இல்லை.

1967இல் தோட்டங்களை பிரிட்டன் 6,60,000 பவுண்டுக்கு வாங்கியது. 1968இலிருந்து வைத்தியத்துக்கோ உறவினரைப் பார்க்கவோ மொரீஷியஸ் போனவர்களைத் திரும்ப விடவில்லை. 'உங்கள் தீவு விற்றாகிவிட்டது' என்று துறைமுகத்தில் சொன்னார்கள். அப்படிச் சிக்கியவர்களில் ஒரு குடும்பம், காலில் காயம்பட்ட மகளை வைத்தியத்துக்குக் கூட்டிவந்தது. மகளும் பிழைக்கவில்லை, ஊரும் போயிற்று. அந்த வீட்டுப் பையன் ஒலிவியே பான்கூல் பிற்காலத்தில் பிரிட்டிஷ் அரசையே நீதிமன்றத்துக்கு இழுத்தார்.

தீவில் மிஞ்சியவர்களுக்கு அரிசியும் மருந்தும் வருவது குறைந்தது. 1971இல் அங்கே யாரும் அனுமதியின்றி இருக்கக் கூடாது என்று ஓர் அவசரச் சட்டம். பிறகு நாய்கள். கொப்பரை உலர்த்தும் கொட்டகைக்குள் நாய்களை அடைத்து, வண்டிப் புகையைச் செலுத்திக் கொன்றார்கள். தங்கள் நாய்களுக்கு நடந்ததைக் கண்ட பிறகு யாரும் அடம்பிடிக்கவில்லை. நோர்ட்வேர் என்ற கப்பலில் ஆளுக்கு ஒரு பெட்டியோடு ஏற்றினார்கள். மேல்தளத்தில் நிர்வாகியின் குதிரைகள், கீழே மனிதர்கள். 1973இல் பெரோஸ் பான்யோஸும் காலியானது. மொத்தம் 1,500 முதல் 2,000 பேர்.

போர்ட் லூயிஸின் சேரிகளில் இறங்கியவர்கள் 'சக்ரேன்' என்றொரு நோயைச் சொல்வார்கள். துக்கம், ஏக்கம் என்று மொழிபெயர்க்கலாம். அவர்கள் அதைச் சாவுக்குக் காரணமாகவே சொல்வார்கள்.

அந்தப் பிரதேசத்தை இன்று ஆள்வது யார்? தேர்தல் உண்டா? (தஞ்சாவூர் வாசகர்)

பிரிட்டன் நிர்வாகத்தில் வாக்காளர் இல்லை, தேர்தல் இல்லை, சட்டமன்றமும் இல்லை. லண்டனில் வெளியுறவு அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் ஆணையர் கையெழுத்திட்டால் அது சட்டம். தீவில் அவருடைய பிரதிநிதி ஒரு கடற்படை அதிகாரி. அவர் கீழ் சில டஜன் பிரிட்டிஷ் படையினர் போலீஸ், சுங்கம், குடியேற்றம் எல்லாம் பார்ப்பார்கள். மற்றபடி அமெரிக்கப் படையினரும், பெரும்பாலும் பிலிப்பைன்ஸிலிருந்து வந்த ஒப்பந்த ஊழியர்களுமே. கடையில் செல்லுவது டாலர். வண்டி ஓடுவதும் அமெரிக்க முறையில் சாலையின் வலப்பக்கம்.

2021இல் இலங்கைத் தமிழர்கள் அங்கே சிக்கினார்களே, அவர்கள் என்ன ஆனார்கள்? (யாழ்ப்பாண வாசகர்)

2021 அக்டோபரில் 89 இலங்கைத் தமிழர்கள் சென்ற மீன்பிடிப் படகு நடுக்கடலில் தத்தளித்தது. அவர்கள் பிரிட்டிஷ் கடற்படையால் டியாகோ கார்சியாவுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். கனடா போகக் கிளம்பியவர்கள். சிலர் தமிழ்நாட்டு முகாம்களில் வாழ்ந்தவர்கள். தஞ்சம் கேட்டார்கள். அகதிகளுக்கான சர்வதேச உடன்படிக்கை அந்தத் தீவுக்குப் பொருந்தாது என்ற நிலைப்பாட்டில், வேலியிட்ட கூடார முகாம் ஒன்றில் வைக்கப்பட்டார்கள். கூடாரத்துக்குள் எலிகள். உண்ணாவிரதங்கள், தற்கொலை முயற்சிகள்.

மூன்றாண்டுக்குப் பிறகு 2024 செப்டம்பரில் பிரதேச உச்ச நீதிமன்ற நீதிபதி தீவுக்கே வந்து முகாமைப் பார்த்தார். டிசம்பரில் பெரும்பாலோரைப் பிரிட்டனுக்கு அழைத்துக்கொண்டார்கள். அந்த மாதமே வந்த தீர்ப்பு, அவர்களை அங்கே அடைத்து வைத்தது சட்டவிரோதம் என்றது. யாரையும் குடியிருக்க விடக் கூடாது என்று உருவாக்கிய இடத்தில் மூன்று ஆண்டு குடியிருந்தவர்கள், குழந்தைகள் உட்பட, நம் மொழி பேசியவர்கள்.

நீதிமன்றங்கள் என்னதான் சொல்லின? தீவுகள் இப்போது மொரீஷியஸுக்குத்தானே? (கோவை வாசகர்)

இரண்டு வழக்குகளைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஊர் திரும்பும் உரிமை தீவு மக்களின் வழக்கு. நிலத்தின் உரிமை மொரீஷியஸின் வழக்கு.

முதலாவதில் பான்கூல் 2000இல் வென்றார். 1971 சட்டம் செல்லாது என்றது லண்டன் உயர் நீதிமன்றம். 2004இல் அரசியின் பெயரால், நாடாளுமன்றத்துக்கு வராமலே, இரண்டு ஆணைகள் பிறப்பித்து அந்த வெற்றியைப் பறித்தார்கள். 2008இல், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் ஆணைகளை ஏற்றது. 2010இல் சுமார் 6,40,000 சதுர கிலோமீட்டர் கடலை மீன்பிடிக்கத் தடையுள்ள காப்பகமாக அறிவித்தார்கள். பவளத்துக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. மீன் பிடிக்க முடியாத தீவில் யார் போய்க் குடியேறுவார்கள் என்பதும் கணக்கில் இருந்தது.

இரண்டாவதில், 2019 பிப்ரவரி 25 அன்று சர்வதேச நீதிமன்றம் 13க்கு 1 என்ற கணக்கில் 1965 பிரிப்பு சட்டப்படியானதல்ல என்று கருத்துரைத்தது. மாறுபட்ட ஒருவர் அமெரிக்க நீதிபதி. ஐ.நா. பொதுச்சபையில் 116 நாடுகள் ஆதரித்தன, ஆறு எதிர்த்தன. இந்தியா மொரீஷியஸ் பக்கம். 2025 மே 22 அன்று கையெழுத்தான ஒப்பந்தப்படி இறையாண்மை மொரீஷியஸுக்கு. டியாகோ கார்சியா 99 ஆண்டு குத்தகைக்குப் பிரிட்டனுக்கு, சராசரியாக ஆண்டுக்கு 10.1 கோடி பவுண்டு. கையெழுத்து மட்டும் போதாது. இரு நாடுகளும் தத்தம் சட்ட நடைமுறையை முடித்தால்தான் ஒப்பந்தம் அமலுக்கு வரும். மற்றத் தீவுகளில் குடியேற்ற மொரீஷியஸுக்கு அனுமதி உண்டு, டியாகோ கார்சியாவில் கிடையாது. எங்களைக் கேட்காமல் 1965இல் விற்றீர்கள், எங்களைக் கேட்காமலே திருப்பிக் கொடுக்கிறீர்கள் என்று பிரிட்டனில் வாழும் சாகோஸ் மக்களில் பலர் கோபப்பட்டதில் எனக்கு வியப்பில்லை.

2004 சுனாமி அந்தத் தீவை மூழ்கடிக்கவில்லையே, எப்படி? (நாகப்பட்டினம் வாசகர்)

உங்கள் கடற்கரைபோலச் சரிவாக ஆழம் குறையும் கடல் அல்ல அது. தீவின் விளிம்பைத் தாண்டியதும் கடல் செங்குத்தாக ஆழத்துக்கு இறங்குகிறது. அலை உயர்ந்து எழ ஆழம் குறைந்த நீர் வேண்டும். அங்கே அதற்கு இடமில்லை. சேதம் சொற்பம்.

'டாட் ஐஓ' இணைய முகவரிகள் இந்தத் தீவுக்கு உரியவையா? (பெங்களூரு வாசகர்)

ஆம். பிரதேசத்தின் பெயரிலுள்ள இந்தியப் பெருங்கடல் என்பதற்கான ஈரெழுத்துக் குறியீடு அது. கணினித் துறையில் உள்ளீடு-வெளியீடு என்றும் பொருள்படுவதால் தொழில் நிறுவனங்கள் பாய்ந்து வாங்கின. பிரதேசம் மறைந்தால் குறியீடும் போகலாம். அதற்கு நீண்ட அவகாசம் தருவார்கள்.

சுற்றுலா போக முடியுமா? (சேலம் வாசகர்)

டியாகோ கார்சியாவுக்கு முடியாது. சொந்தப் பாய்மரப் படகில் பெருங்கடலைக் கடப்பவர்களுக்கு, முன்கூட்டி அனுமதி பெற்றால், வெளித் தீவுகளின் சில காயல்களில் நங்கூரமிட பிரிட்டிஷ் நிர்வாகம் இடம் தந்துவந்தது. இரவில் கரையில் தங்கக் கூடாது.

சொந்த ஊருக்காரர்களுக்கும் ஏறத்தாழ அதே சலுகைதான். 2006இல் சுமார் நூறு பேரைக் கப்பலில் அழைத்துப் போனார்கள். எல்லாரும் போட்ட பட்டியலில் முதலில் இருந்த வேலை, பெற்றோரின் கல்லறையைக் கண்டுபிடித்துப் புதர் வெட்டுவது.