தெர்மல் கர்ட்டன் போட்டால் இங்கிலாந்தில் ஹீட்டிங் பில் உண்மையிலேயே குறையுமா?

குறையும். ஆனால் கடைக்காரன் அட்டையில் போட்டிருக்கிற அளவுக்குக் குறையாது, தப்பாக மாட்டினால் ஏறவும் செய்யும். ஏற்றிக் காட்டியவன் என்ற தகுதியில்தான் இதை எழுதுகிறேன்.

பழைய டெர்ரஸ் வீடு (பக்கத்து வீடுகளோடு சுவர் ஒட்டி வரிசையாகக் கட்டியது), வாடகை, ஜன்னல் ஒற்றைக் கண்ணாடி என்று கேள்வியில் சொல்லியிருக்கிறீர்கள். அப்படியென்றால் வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது, முதல் குளிர்கால பில்லைப் பார்த்துவிட்டு ராத்திரி 11 மணிக்கு போனில் கர்ட்டன் தேடிக்கொண்டிருப்பீர்கள். நானும் அப்படித்தான் தேடினேன்.

2022 குளிர்காலம், லீட்ஸ். நூறு வருடத்துக்கு மேல் பழைய செங்கல் வீடு. இடைவெளி இல்லாத ஒரே கனச் சுவர், அதனால் சுவருக்குள் எதையும் நிரப்பிக் குளிரைத் தடுக்க வழியில்லை. தெருப்பக்கம் மேலும் கீழும் தூக்குகிற மரச்சட்ட ஜன்னல், காற்றடித்தால் ஆடும். அந்த நவம்பரில்தான் எங்களுக்குக் குழந்தை பிறந்தது. கேஸ் யூனிட்டுக்கு 10.3 பென்ஸ், கரண்ட் 34 பென்ஸ் (இங்கே கேஸுக்கும் கரண்ட் மாதிரி கிலோவாட்-மணிதான் யூனிட்). அரசாங்கம் வருடத்துக்கு 2,500 பவுண்டு உச்சவரம்பு என்று அறிவித்ததும் எவ்வளவு எரித்தாலும் பில் அதற்கு மேல் போகாது என்று நான் நம்பினேன். சிரிக்காதீர்கள், என் ஆபீசில் பாதிப் பேர் அப்படித்தான் நம்பினார்கள். அது யூனிட் விலைக்குப் போட்ட வரம்பு, 2,500 என்பது சராசரி வீட்டுக்கான கணக்கு, கூட எரித்தால் கூடத்தான் கட்ட வேண்டும். மாதம் 66, 67 பவுண்டு என்று ஆறு மாதத்துக்கு மொத்தம் 400 பவுண்டு பில்லில் கழித்தார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன், நன்றி கெட்டவன் என்று யாராவது வருவதற்குள்.

சரி, கர்ட்டன். 90க்கு 90 இஞ்ச், உள்பக்கம் ரப்பர் மாதிரி பூச்சு, மேலே இரும்பு வளையம் வைத்தது, இரண்டு ஜோடி வாங்கினேன். டிரில் போட்டு ராடு மாட்டி, ஜன்னலிலிருந்து தரை வரைக்கும் தொங்கவிட்டேன். ஹோட்டல் ரூம் மாதிரி இருந்தது. போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன், அதுதான் பின்னால் பெரிய அவமானமாகப் போயிற்று. ரூம் இவ்வளவு சூடாக இருக்கட்டும் என்று குறித்துவைக்கிற தெர்மோஸ்டாட் 21 டிகிரியில். போடுவதற்கு முன் ஒரு நாளைக்கு 52 யூனிட் கேஸ் ஓடியது. போட்ட பிறகு 54.

குளிர் கூடிவிட்டது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொய்யும் இல்லை, அந்த டிசம்பர் முதல் பாதி நிஜமாகவே கடுங்குளிர். ஆனால் குளிர் மட்டும் காரணம் இல்லை.

பேத்தியைப் பார்க்க ஆறு மாத விசாவில் அம்மா வந்திருந்தார். குழந்தைத் துணிகளைக் காயப்போட இடம் தேடியவர் கர்ட்டனை விலக்கி உள்ளே கையை விட்டார். கொஞ்ச நேரம் கை அங்கேயே இருந்தது. அப்புறம் கர்ட்டனுக்கு வெளியே எடுத்துப் பார்த்தார். மறுபடி உள்ளே. பிறகு என்னைக் கூப்பிட்டு, "ஏங் கண்ணு, அடுப்பப் பத்த வெச்சு அதச் சன்னலுக்குள்ள வெச்சு மூடியிருக்கறயே, ஊருக்கெல்லாம் குளிர் காயறதுக்கா?" என்றார்.

ரேடியேட்டர், அதாவது பாய்லரிலிருந்து வெந்நீர் ஓடி ரூமைச் சூடாக்குகிற இரும்புப் பலகை, ஜன்னலுக்கு நேர் கீழே இருக்கிறது. இந்த ஊரில் பெரும்பாலும் அப்படித்தான் வைப்பார்கள். நான் தரை வரை தொங்கவிட்ட கனத்த துணி அதை மூடி, சூட்டையெல்லாம் கண்ணாடிப் பக்கமே நிறுத்திவைத்திருந்தது. சூடு கண்ணாடி வழியாகத் தெருவுக்கு, குளிர் ஹாலுக்கு, ஹால் 21க்கு வரவில்லை என்று தெர்மோஸ்டாட் பாய்லரை விடாமல் ஓட்டிக்கொண்டே இருந்தது. நான் மெக்கானிக்கல் இன்ஜினியர். ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பரில் நல்ல மார்க் வாங்கியவன். அம்மா எட்டாவது. இதற்கு மேல் இந்த விஷயத்தில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

அன்று மத்தியானமே அம்மா ஊசி நூல் எடுத்து உட்கார்ந்துவிட்டார். ஜன்னல் திண்டை ஒட்டி நிற்கிற மாதிரி துணியை வெட்டி, ஓரம் மடித்துக் கையாலேயே தைத்தார். வெட்டிய துண்டைக் குழாய் மாதிரி தைத்து, என் பழைய சாக்ஸையெல்லாம் உள்ளே திணித்துப் பின்கதவின் அடி இடுக்கில் போட்டார். ஆக நீங்கள் வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டிய முதல் விஷயம் ரேடியேட்டர் எங்கே இருக்கிறது என்பது. ஜன்னலுக்குக் கீழே என்றால் கர்ட்டன் திண்டோடு நிற்க வேண்டும். எதிர்ச்சுவரில் என்றால் தரை வரை தாராளமாக விடலாம்.

இரண்டாவது தப்பு மேல்பக்கம். வளையம் வைத்த கர்ட்டன் ராடில் அலை அலையாக நிற்கும், சுவருக்கும் துணிக்கும் நடுவே உள்ளங்கை அகலத்துக்கு வாய் திறந்திருக்கும். இதைக் கண்டுபிடித்ததாவது நான் என்று சொல்லிக்கொள்ள ஆசை, அதுவும் தற்செயல்தான். வெள்ளிக்கிழமை சாமிக்கு ஏற்றிய ஊதுபத்தியோடு அம்மா ஜன்னல் பக்கம் போனார், புகை கர்ட்டனின் மேல் விளிம்புக்குப் போய், அங்கிருந்து பின்பக்கமாகக் கீழே இறங்கியது. மேலே போக வேண்டிய புகை கீழே இறங்குகிறது! கண்ணாடியை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துக் கீழே விழும், அது காலடியில் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்ப மேல் இடைவெளி வழியாக ஹாலின் சூடான காற்று உள்ளே போகும். புகைபோக்கியைத் தலைகீழாகக் கவிழ்த்த மாதிரி. சோபாவில் உட்கார்ந்தால் கால் மட்டும் சில்லிட்டுப் போகிற காரணம் இதுதான். ராடுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பழைய டவலைச் சுருட்டி வைத்தேன், அசிங்கமாக இருந்தாலும் வேலை செய்தது. காசு இருந்தால் மேலே பெட்டி மாதிரி பலகை அடித்துக்கொள்ளலாம். இன்னும் வாங்கவில்லை என்றால் வளையம் வைத்ததை விடுங்கள், சுவரை ஒட்டி ஓடுகிற டிராக்கில் மாட்டும் சுருக்கு வைத்த வகையை வாங்குங்கள். அகலம் ஜன்னலைப் போல ஒன்றரை மடங்காவது இருக்கட்டும்.

இப்போது காசுக் கணக்கு. கிளாஸ்கோ கலிடோனியன் பல்கலைக்கழகத்தில் ஹிஸ்டாரிக் ஸ்காட்லாந்து என்ற பழைய கட்டிடப் பாதுகாப்பு அமைப்புக்காகப் பழைய மர ஜன்னலை வைத்து அளந்து பார்த்தார்கள். கனத்த கர்ட்டன் போட்டால் ஜன்னல் வழியாகப் போகும் வெப்பம் 14 சதவீதம் குறைந்தது. மரக்கதவு போட்டு மூடினால் 51, உள்பக்கம் இரண்டாவது கண்ணாடிச் சட்டம் வைத்தால் 63. அந்தப் 14ஐ வைத்துப் போடுவோம். இரண்டு சதுர மீட்டர் ஜன்னல், உள்ளே 20 டிகிரி, வெளியே 5, ஒற்றைக் கண்ணாடி: ஏறக்குறைய 150 வாட் போய்க்கொண்டே இருக்கும். அதில் 14 சதவீதம் 21 வாட். டிசம்பரில் லீட்ஸில் நாலு மணிக்கு முன்னாலேயே சூரியன் போய்விடும், மாலை நாலிலிருந்து காலை ஏழு வரை 15 மணி நேரம் மூடிவைத்தால் ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பாய்லரில் வீணாவதையும் சேர்த்து நாளைக்கு நாலு பென்ஸுக்குள். ஆறு மாதத்துக்கு ஒரு ஜன்னலுக்கு ஆறு ஏழு பவுண்டு. அதுவும் அன்றைய 10.3 பென்ஸ் விலையில். அதற்குப் பிறகு கேஸ் 6, 7 பென்ஸுக்கு இறங்கிவிட்டது, அப்போது மிச்சம் இன்னும் குறைவு. ஒரு ஜோடி 55 பவுண்டுக்கு வாங்கினேன், நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஏன் "குறையும்" என்று ஆரம்பித்தேன் என்றால், இதனால்தான். குளிர்ந்த கண்ணாடி எதிரே இருந்தால் ரூமில் 21 இருந்தாலும் உடம்புக்கு ஆகாது, நம் உடம்புச் சூட்டை அது இழுத்துக்கொண்டே இருக்கும். அதை மறைத்து, காலடிக் காற்றையும் நிறுத்தினால் 19இலேயே உட்கார முடிகிறது. நான் 21இலிருந்து 19க்கு இறக்கினேன், யாரும் கவனிக்கவே இல்லை. மீட்டர் 54இலிருந்து 45க்கு வந்தது. நாளைக்கு ஒன்பது யூனிட், மாதத்துக்கு 28 பவுண்டு பக்கம். மிச்சம் பிடித்தது தெர்மோஸ்டாட், தைரியம் கொடுத்தது கர்ட்டன். "வெளியே வெப்பநிலை என்ன, எப்படி ஒப்பிடுகிறாய்" என்று கேட்கப் போகிறவர்களுக்கு: ஐயா, தெரியும், ஆய்வுக்கூடத்தில் அளக்கவில்லை, கைக்குழந்தை இருக்கிற வீட்டில் விடிகாலை நாலு மணிக்கு முழித்திருந்தவன் மீட்டரைப் பார்த்து எழுதிவைத்தது. ஏறக்குறைய ஒரே குளிர் இருந்த நாட்களைத்தான் எடுத்தேன். இன்னொன்று, யாராக இருந்தாலும் 18க்குக் கீழே போகாதீர்கள், உலக சுகாதார நிறுவனமே அந்த எண்ணைத்தான் சொல்கிறது, வீட்டில் குழந்தையோ வயதானவர்களோ இருந்தால் அதற்கும் மேலே வேண்டியிருக்கலாம். கஞ்சத்தனத்துக்கும் ஓர் அளவு உண்டு.

இதைவிட மலிவாகப் பலன் தந்தது, கண்ணாடிச் சட்டத்தின் மேல் இரண்டு பக்கமும் ஒட்டும் டேப் வைத்து ஒட்டுகிற பிளாஸ்டிக் தாள். ஹேர் டிரையரைக் காட்டினால் முரசுத் தோல் மாதிரி விறைத்துக்கொள்ளும். பாய்லரில் ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீர்ச் சூட்டை 75இலிருந்து 60க்கு இறக்கினேன், அதற்குச் செலவே இல்லை. தொட்டி இல்லாமல் குழாயைத் திறந்ததும் வெந்நீர் தருகிற புது வகைக் காம்பி பாய்லர் என்றால் மட்டும் செய்யுங்கள், தனி வெந்நீர்த் தொட்டி இருந்தால் கை வைக்க வேண்டாம்.

கர்ட்டன் விற்பவர்கள் சொல்லாத ஒன்று, தண்ணீர். துணியை மூடினால் கண்ணாடி இன்னும் குளிர்ந்துபோகும். 20 டிகிரி ரூமில் ஈரப்பதம் 60 சதவீதம் இருந்தால், 12 டிகிரிக்குக் கீழே இருக்கிற எதன் மேலும் ஈரம் படியும். நம் வீடோ சாம்பார் கொதிக்கிற, அரிசி வடிக்கிற, துணியை உள்ளேயே காயப்போடுகிற வீடு. பிளாஸ்டிக் தாள் கர்ட்டனோடு ஒத்துவராது என்று நினைத்துப் படுக்கையறை ஜன்னலில் ஒட்டாமல் விட்டேன், அங்கே மூன்று வாரத்தில் திண்டில் கறுப்புப் பூஞ்சை, கர்ட்டனின் வெள்ளை லைனிங்கில் மிளகு தெளித்த மாதிரி புள்ளிகள். காலையில் எழுந்ததும் கர்ட்டனைத் திறந்து கண்ணாடியைத் துடைத்து, பத்து நிமிடம் ஜன்னலையும் திறந்துவையுங்கள். தெற்குப் பார்த்த ஜன்னல் என்றால் பகல் முழுக்கத் திறந்தே இருக்கட்டும், வருகிற கொஞ்ச வெயிலும் ஓசி.

வாசல் கதவைச் சொல்ல மறந்துவிட்டேன். கதவைத் திறந்தால் நேராக ஹால், தபால் போடும் ஓட்டை வழியாகக் காற்று விசிலடிக்கும். அதற்கு அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த பவானி ஜமுக்காளத்தை மடிக்காமல் அப்படியே ராடில் தொங்கவிட்டோம். கைத்தறி, நல்ல கனம், சிவப்பும் பச்சையும் பட்டை போட்டது. எந்த தெர்மல் கர்ட்டனும் கிட்டே நிற்க முடியாது, உண்மையாகச் சொல்கிறேன். ஆனால் அது வந்து சேர்ந்த கதை இருக்கிறதே. ஏர்போர்ட் கவுன்டரில் 23 கிலோவுக்கு மேல் இரண்டு கிலோ என்று சொல்லிவிட்டார்கள். கட்டணம் கேட்டால் ஜமுக்காளத்தின் விலையைவிட அதிகம். அம்மா தரையில் உட்கார்ந்து பெட்டியைப் பிரித்து, எல்லார் முன்னாலும், மருமகளுக்குக் கொண்டுவந்த பிரசவ லேகியத்தையும் இரண்டு பாட்டில் ஊறுகாயையும் எடுத்துத் தம்பியிடம் கொடுத்தனுப்பினார். அம்மாவின் எடை 46 கிலோ. அடுத்த வரிசையில் நின்ற ஆள் சுலபமாக 110 இருப்பார், அவருக்கும் அதே 23 கிலோ. ஆளையும் பெட்டியையும் சேர்த்து நிறுத்தால் என்ன குடிமுழுகிப் போகிறது? கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் மூன்று வருடமாக யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன்.

கடைசியாக, நீங்கள் வாடகை வீடு என்பதால் ஒன்று. ராடு மாட்டப் போட்ட எட்டு ஓட்டைக்கு, காலி செய்யும்போது ஏஜென்ட் ஓட்டைக்கு 15 பவுண்டு வீதம் 120 பவுண்டு டெபாசிட்டில் பிடித்துக்கொண்டார். நாலு மாதம் 19 டிகிரியில் உட்கார்ந்து சேர்த்தது. நானே பூசி பெயின்ட் அடித்திருந்தால் பத்து பவுண்டுகூட ஆகியிருக்காது. டெபாசிட் தகராறுக்கு இலவசமாகவே முறையிட வழி இருக்கிறது, நான் குழந்தையோடு வீடு மாறுகிற அவசரத்தில் விட்டுவிட்டேன். நீங்கள் சுவரில் கை வைப்பதற்கு முன் ஈமெயிலில் அனுமதி கேட்டு வாங்கிவிடுங்கள். தரமாட்டேன் என்றால், ஜன்னல் குழிக்குள்ளேயே இறுக்கி நிற்கிற ஸ்பிரிங் ராடு கிடைக்கிறது, ஓட்டை வேண்டாம். கனத்த துணியைத் தாங்குமா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள், என் நண்பர் வீட்டில் ராத்திரி இரண்டு மணிக்குத் தலையில் விழுந்தது.