பஞ்சர் கடைப் பலகையில் ஒரு நெருப்புக் கடவுள்

கேள்வி: அப்பா டயர் கடை வைத்திருக்கிறார். பலகையில் ‘வல்கனைசிங்’ என்று இருக்கிறது. கல்லூரியில் படிக்கும் தம்பி, “வல்கனோன்னா எரிமலை, டயருக்கும் எரிமலைக்கும் என்ன சம்பந்தம், யாரோ தப்பா எழுதிட்டாங்க, மாத்துங்க” என்கிறான். மாற்றவா?
– ஒரு வாசகி

பதில்: மாற்றாதீர்கள், சொல் சரிதான். தம்பி சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது, ஆனால் வல்கனைசிங் எரிமலைக்குப் பிறந்த பிள்ளை இல்லை, கூடப் பிறந்தது. இரண்டுக்கும் மூலம் வல்கன், பழைய ரோமானியர்களின் நெருப்புக் கடவுள், கொல்லர்களின் தெய்வம். சிசிலிக்கு வடக்கே கடலில் வல்கானோ என்று ஒரு சின்னத் தீவு. அங்கே மலை புகைவதைப் பார்த்தவர்கள் அதுதான் அவருடைய உலைக்களத்தின் புகைபோக்கி என்று நம்பினார்கள், அப்புறம் அந்த ஒரு தீவின் பெயரே நெருப்பு கக்கும் மலைகளுக்கெல்லாம் பொதுப்பெயராகிவிட்டது. 1888 முதல் 1890 வரை வெடித்ததுதான் அங்கே கடைசி. இன்றைக்கும் பாறை இடுக்குகளில் ஆவி வருகிறது, சுற்றிலும் மஞ்சள் மஞ்சளாகக் கந்தகம் படிந்திருக்கிறது.

அந்தக் கந்தகம்தான் விஷயமே. பக்குவப்படுத்தாத ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைத்து வெடிக்கும். ரப்பரில் கந்தகம் கலந்து சூடேற்றினால் இரண்டு தொல்லையும் தீரும் என்று 1839-இல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்தார், பல வருடம் கடனிலும் வறுமையிலும் கிடந்து கண்டுபிடித்தது அது. தனித்தனியாகக் கிடக்கும் ரப்பர் இழைகளைக் கந்தகம் குறுக்கே பிணைத்துவிடுகிறது, அதனால்தான் இழுத்தாலும் பழைய நிலைக்குத் திரும்புகிறது. 1844-இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. இங்கிலாந்தில் இதே வேலையைச் செய்தவர் தாமஸ் ஹான்காக். அவருடைய நண்பர் வில்லியம் பிராக்டன், அடிப்படையில் ஓவியர், அவர்தான் வல்கன் பெயரை இதற்குச் சூட்டினார். நெருப்பும் கந்தகமும் சேருகிற வேலைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தோன்றவில்லை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். டியூபைத் தேய்த்து, சொல்யூஷன் தடவி ஒட்டுப் போடுவதைக் கடைகளில் பஞ்சர் ஒட்டுவது என்றுதான் சொல்வார்கள். மெஷினில் வைத்து இறுக்கி, சூடேற்றி, ஒட்டுத்துண்டும் டியூபும் ஒரே ரப்பராகும்படி செய்வதுதான் வல்கனைசிங். அப்பா இரண்டும் செய்கிறார் என்றால் பலகையில் இரண்டையும் எழுதலாம். தமிழில் வேண்டுமென்றால் ‘ரப்பரில் கந்தகம் ஏற்றுதல்’ எனப் பாடத்தில் எழுதலாம், பலகைக்கு அது வேண்டாம், வண்டிக்காரர் தேடி வருவது வல்கனைசிங் என்ற சொல்லைத்தான்.

அடுத்த முறை அப்பா மெஷினைத் திறக்கும்போது தம்பியைப் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். சூட்டோடு ஒரு வாடை வரும்.