கார்சியாவின் நடுவிரல்

அன்புள்ள ஐயா,

மூன்று மாதமாக கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் குழுவின் ஜெர்ரி கார்சியாவைத்தான் இரவெல்லாம் கேட்கிறேன். அந்தக் கிதார் எங்கோ தொடங்கி எங்கோ போய்விடுகிறது. எல்எஸ்டி போதைமருந்து இல்லாமல் அப்படி வாசிக்க முடியுமா? போதை ஒரு கதவைத் திறக்கும் என்கிறார்கள் நண்பர்கள். அவரை எந்த இசைத்தட்டிலிருந்து முறையாகக் கேட்கலாம்? உங்கள் தலைமுறை எழுத்தாளர்கள் ஏன் இசை பற்றி எழுதுவதில்லை? என் கதை ஒன்றையும் இணைத்திருக்கிறேன்.

கே.

அன்புள்ள கே.,

என் தலைமுறைக்காகப் பேச யாரும் எனக்கு அதிகாரம் தரவில்லை, அதை விடுங்கள். இசைத்தட்டு என்றால் 1969இல் வந்த ‘லைவ்/டெட்’. அதில் ‘டார்க் ஸ்டார்’ 23 நிமிடம் ஓடும். முந்தைய ஆண்டு அதே பாட்டு மூன்று நிமிடத்துக்கும் குறைவான சிங்கிளாக, தனிப்பாட்டுத் தட்டாக வந்திருந்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள்.

கதவு திறக்கும் கதைக்கு வருகிறேன். உங்கள் நண்பர்கள் சோம்பேறிகள். நீங்களும் ஆகிவிடாதீர்கள் என்றுதான் இவ்வளவு எழுதுகிறேன்.

கார்சியாவுக்கு நாலு வயதில் வலது கை நடுவிரலில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. அண்ணன் கோடரியால் விறகு வெட்ட, இவர் கட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அடுத்த வருடம் அப்பா மீன்பிடிக்கப் போன ஆற்றில் மூழ்கி இறந்தார். அந்தக் கையை வைத்துக்கொண்டு பையன் இருபது வயது வாக்கில் பிடித்தது எதை? பாஞ்சோ என்ற தந்திவாத்தியத்தை. புளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புறப் பாணியில் அதை மூன்று விரலால் உருட்டி வாசிக்க வேண்டும். தட்டிய ஸ்வரம் உடனே செத்துவிடும், அடுத்ததைத் தட்டியே ஆக வேண்டும், வழுக்கிக்கொண்டு போய் ஒப்பேற்ற முடியாது. பித்துப் பிடித்தவர் மாதிரி சாதகம் செய்தார், கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் ஒரு இசைக்கருவிக் கடையில் பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுத்தார். நீங்கள் மயங்குகிற அந்தக் கிதாரில் எவ்வளவு வேகத்திலும் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக, முத்துக் கோத்த மாதிரி நிற்கிறதே, அது பாஞ்சோவிலிருந்து வந்தது. 1965 கடைசியில் நாவலாசிரியர் கென் கீஸி நடத்திய, எல்எஸ்டி புழங்கிய ‘ஆசிட் டெஸ்ட்’ கூட்டங்களில் வாசிக்கப் போனபோது அந்த விரல்கள் தயாராக இருந்தன. எல்எஸ்டி அவர் போன இடங்களை மாற்றியிருக்கலாம், சரி. நடந்தது கால்தானே? பின்னால் வந்த ஹெராயின் என்ன கதவைத் திறந்தது? 53 வயதில், 1995 ஆகஸ்டில், மறுவாழ்வு மையம் ஒன்றில் மாரடைப்பு. அஸ்தியில் ஒரு பகுதியை அடுத்த ஏப்ரலில் ரிஷிகேஷில் கங்கையில் கரைத்தார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது 1986. அந்த ஜூலையில் சர்க்கரை நோயால் ஐந்து நாள் கோமா. எழுந்தபோது கிதார் கைக்கு வரவில்லை. மெர்ல் சாண்டர்ஸ் என்ற கீபோர்டு நண்பர் பக்கத்தில் உட்கார்ந்து பழைய பாட்டுகளை ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்தினார், 44 வயதுக்காரர் மறுபடி பாலபாடம் படித்தார். டிசம்பரில் ஓக்லாந்தில் டெட் குழுவோடு மேடை ஏறிவிட்டார்.

உங்கள் கடிதம் வந்த அன்று இதையே நினைத்துக்கொண்டிருந்தேன், அப்பாவின் திதி. அவர் அரிசி ஆலையில் கணக்கு எழுதியவர், கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். பக்கவாதம் வந்து வலது கை விழுந்தது. பேத்தியின் சிலேட்டை வாங்கி ‘அ’ போட்டார், அழித்தார், போட்டார். வீட்டில் எல்லோருக்கும் எரிச்சல், எனக்கும்தான், ஒருநாள் ‘எதுக்குப்பா இந்த வயசுல’ என்று கத்தியிருக்கிறேன். நாலாம் மாதம் மளிகைச் சீட்டு எழுதிக் கொடுத்தார். ‘துவரம்பருப்பு’ நடுங்கிக்கொண்டு கிடந்தது, ஆனால் ‘ரு’வின் சுழி மட்டும் பழையபடி விழுந்திருந்தது. அந்தச் சீட்டைக் கடையில் கொடுக்க மனசு வராமல் வெறுங்கையோடு திரும்பினேன். அம்மா திட்டினாள்.

உங்கள் கதையை இன்னும் படிக்கவில்லை. முதல் பக்கத்திலேயே பதினொரு ஒற்றுப்பிழை. திருத்தி அனுப்புங்கள், படிக்கிறேன்.